ஜோடி மாடும் ஜோடி பாட்டரியும்

பிரயாணம் செய்கிறவர்களில் இரண்டு வகை உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் ஒரு வகை; வீட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறவர்கள் மற்றொரு வகை. தைப்பூசத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு பழனிக்குப் போன நம் பாட்டனார்கள் இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். உள்ளே வைக்கோல் பரப்பி அதன்மேல் ஜமக்காளம். ஒரு மூலையில் புளியோதரைத் தூக்கு. வண்டியின் அடியில் ஆடிக்கொண்டே வரும் லாந்தர் விளக்கு. மாட்டுக்குத் தீனி இருக்கிறதா, லாந்தருக்கு எண்ணெய் இருக்கிறதா என்று இரண்டே கேள்விகள். இரண்டுக்கும் விடை இருந்துவிட்டால் போதும், குடும்பம் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேரும்.

அந்தக் கூண்டு வண்டி இப்போது மோட்டாரைப் பூட்டிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது. சினிமாக்காரர்களின் புண்ணியத்தில் 'கேரவன்' என்ற பெயர் தமிழ்நாட்டில் சிறு குழந்தைக்கும் தெரியும். பக்கத்துக் கேரள சர்க்கார் 2021-ம் வருஷத்தில் இதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கை வகுத்தார்கள். எங்கள் மதுரை வீட்டு வாசலில் நிற்பது அவ்வளவு பிரமாதமானது அல்ல. யாரோ ஓட்டி முடித்த பழைய வேன் ஒன்றை வாங்கி, ஆசனங்களைக் கழற்றிவிட்டு, இரண்டு படுக்கை, ஒரு காஸ் அடுப்பு, ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு விளக்கு வைத்துக்கொண்டோம். அவ்வளவுதான். ஆனால் கூண்டு வண்டியின் அந்த இரண்டு கேள்விகள் எங்களையும் விடவில்லை. மாட்டுத் தீனி டீசலாக மாறிவிட்டது. அதைப் பங்கில் வாங்கலாம். லாந்தர் எண்ணெயின் ஸ்தானத்தில் இருப்பவை படுக்கைக்கு அடியில் இருக்கும் இரண்டு பாட்டரிகள். இவை விஷயத்தில் நாங்கள் செய்த அசட்டுத்தனத்தையும், அதற்குக் கொடுத்த விலையையும், பிறகு கற்றுக்கொண்டதையும் எழுதவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். இம்மாதிரி வண்டியில் இன்ஜினைக் கிளப்புவதற்கு ஒரு பாட்டரி, வீட்டு உபயோகத்துக்கு வேறு பாட்டரி என்று தனித் தனியே இருக்கவேண்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் சுபாவம் வேறு. இன்ஜின் பாட்டரி ஓட்டப் பந்தயக்காரனைப் போன்றது. சில விநாடி நேரம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை வாரிக் கொடுத்துவிட்டு உடனே ஓய்ந்துவிடும். அதன் தகடுகள் மெல்லியவை. இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடு என்றால் சீக்கிரமே நோய்வாய்ப்படும். வீட்டுப் பாட்டரியின் தகடுகள் கனமானவை. நம் வீடுகளில் இன்வர்ட்டருக்கு வைக்கிறோமே, அந்த ஜாதி. எங்கள் வண்டியில் நூறு ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரிகள் இரண்டை இணையாகச் சேர்த்திருந்தோம். இன்ஜின் ஓடும்போது மட்டும் இந்த ஜோடியை இன்ஜின் பக்கத்தோடு சேர்த்துவிட்டு, நின்றதும் பிரித்துவிட ஒரு ரிலே உண்டு.

பாட்டரிகளுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், எங்களோடு பிரயாணம் செய்தவர் மாமனார். வயது எழுபத்து நாலு. தூக்கத்தில் மூச்சு அடைபடும் வியாதி அவருக்கு உண்டு. இரவு முழுவதும் மூக்கில் முகமூடி அணிந்து, ஒரு சிறு இயந்திரம் அழுத்தத்துடன் அனுப்பும் காற்றைச் சுவாசித்தால்தான் தூக்கம். முன்னொரு காலத்தில் கோடைக்கானலில் வேலை பார்த்தவர் அவர். "மன்னவனூர்ப் புல்வெளியை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் உத்தரவு பெற்று, இ-பாஸும் வாங்கிக்கொண்டு, அரையாண்டுப் பரீட்சை விடுமுறையில் கிளம்பினோம்.

இங்கேதான் எங்கள் சிக்கன புத்தி குறுக்கிட்டது. வேனில் ஒரு பாட்டரி புத்தம் புதிது. இரண்டாவதாக இன்னொரு புதியது வாங்குவானேன்? வீட்டு இன்வர்ட்டரிலிருந்து கழற்றிய ஐந்து வருஷத்துப் பாட்டரி ஒன்று சும்மா கிடக்கிறதே என்று அதைத் தூக்கிப் புதியதன் பக்கத்தில் வைத்தோம். எங்களில் ஒருவர் பள்ளிக்கூடத்தில் பையன்களுக்கு மின்சாரப் பாடம் நடத்துகிறவர் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

சுப்பிரமணிய சிவா பிறந்த வத்தலக்குண்டில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு மலை ஏறினோம். மதுரையில் வியர்த்துக்கொண்டு புறப்பட்டவர்கள், டம் டம் பாறையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டோம். பெருமாள்மலையில் கம்பளியைத் தேடினோம். சுமார் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தை ஒரே காலையில் ஏறிவிடுகிறது இந்தப் பாதை. மனிதர்களுக்குக் குளிர்வது போலவே பாட்டரிக்கும் குளிரும் என்பது அப்போது எங்கள் சிந்தையில் இல்லை. கோடைக்கானலில் இரண்டு இரவு தங்கிவிட்டு, பூம்பாறையின் படிப்படியான பூண்டு வயல்களைத் தாண்டி மன்னவனூர் போனோம். செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிற ஊர் அது. சாலையோரத்தில் ஒரு விவசாயி தம் தோட்டத்தில் வண்டி நிறுத்த இடம் கொடுத்தார். மாமா புல்வெளியைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலம் நாங்களெல்லோரும் உற்சாக மிகுதியில் மின்சாரக் கெட்டிலில் மூன்று தடவை காபிக்கு வெந்நீர் வைத்தோம்.

இரவு இரண்டேகால் மணிக்கு இன்வர்ட்டர் 'கீ' என்று கத்திவிட்டு அடங்கிற்று. அடுத்த விநாடி மாமா திடுக்கிட்டு எழுந்து முகமூடியைப் பிடுங்கி எறிந்தார். விளக்கும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் வோல்ட் மானியில் பத்தரை. பன்னிரண்டு வோல்ட் பாட்டரி பத்தரைக்கு வந்துவிட்டால் அதில் ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம்.

நல்லவேளையாக இன்ஜின் பாட்டரி தனியாக இருந்தது. சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிற்று; இயந்திரமும் மறுபடி மூச்சு விட ஆரம்பித்தது. ஆனால் மூடுபனி கவிந்த காற்றில்லாத இரவில், மூடிய வண்டிக்குள் மனிதர்கள் படுத்திருக்க, இன்ஜினை ஓட்டிக்கொண்டிருப்பது எமனுக்கு அழைப்பு அனுப்புவதற்குச் சமானம். புகையில் கலந்துவரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலைத் திறந்தால் குளிர்; மூடினால் விஷம். "மாப்பிள்ளை, நிறுத்திடுங்க. நான் உட்கார்ந்தே விடிய வைக்கிறேன்" என்றார் மாமா. நிறுத்தினோம். அவர் கண் அயர்ந்தால் எழுப்பிவிடுவதற்காக நாங்களும் கூடவே உட்கார்ந்தோம். பத்து நிமிஷம் போயிருக்கும். இன்ஜின் சத்தம் கேட்டு விழித்த தோட்டக்காரர், தலையில் கம்பளியும் கையில் டார்ச்சுமாக வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டவர் மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்கவில்லை. "எங்க வீட்ல கரண்ட் இருக்குங்க ஐயா. மெதுவா வாங்க" என்று மாமாவின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தோம். அவருடைய கட்டிலில் மாமா காலை எட்டு மணி வரையில் தூங்கினார்.

விடிந்ததும் அந்த மனிதர் எங்கள் படுக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒன்று பளபளவென்றும், மற்றொன்று முனைகளில் பச்சை பூத்தும் இருந்ததைக் கண்டு சிரித்தார்.

"ஏன் சார், எங்க அப்பா உழவு மாடு வச்சிருந்தப்போ கிழட்டு மாட்டையும் இளங்காளையையும் ஒரு நுகத்துல பூட்டவே மாட்டாரு. கிழடு தேறப்போறதில்லே, இளசுக்குக் கழுத்து புண்ணாயிடும்."

மின்சார நூல் பக்கம் பக்கமாகச் சொல்லுவதை அவர் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். பெயரளவில் எங்களிடம் இருநூறு ஆம்பியர்-மணி இருந்தது. ஆனால் ஐந்து வருஷம் உழைத்த பாட்டரியில் பாதிகூடத் தேறாது. அதில் ஒரு செல் பலவீனமாகிவிட்டால், இணையாகக் கட்டிய புதியது இரவெல்லாம் அதற்குத் தன் மின்சாரத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும். சார்ஜ் ஏற்றும்போதோ, பழையது தானும் நிறையாமல் புதியதையும் நிறையவிடாது. ஆகையால் ஜோடி என்றால் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதத்தில் வாங்கியதாக இருக்கவேண்டும். ஒன்று போய்விட்டால் மற்றதையும் சேர்த்து மாற்றுவதுதான் கடைசியில் சிக்கனம்.

நுகத்தில் பூட்டும் விதத்திலும் தவறு செய்திருந்தோம். வீட்டுக்குப் போகும் கம்பிகள் இரண்டையும் கைக்கு எட்டிய புதிய பாட்டரியிலேயே மாட்டிவிட்டோம். இப்படிச் செய்தால் அருகில் உள்ளது அதிகமாக உழைக்கும். தூரத்தில் உள்ளது சோம்பியிருக்கும். கூட்டல் முனைக் கம்பியை ஒரு பாட்டரியிலிருந்தும், கழித்தல் முனைக் கம்பியை மற்றொன்றிலிருந்தும் குறுக்காக எடுக்கவேண்டும். அப்போதுதான் பாரம் சமமாக விழும். ஒவ்வொன்றின் கூட்டல் முனைக்குப் பக்கத்திலேயே ஒரு பியூஸும் அவசியம்.

அடுத்தது வரவு செலவுக் கணக்கு. காரீயப் பாட்டரியில் உள்ளதில் பாதியைத்தான் செலவழிக்கலாம். அதற்குமேல் இறங்க இறங்க அதன் ஆயுள் குறையும். அதாவது நல்ல ஜோடியாக இருந்தாலும் எங்கள் கைச் செலவுக்கு நூறு ஆம்பியர்-மணிதான். மாமாவின் இயந்திரம் வெறும் காற்று மட்டும் அனுப்பினால் ஓர் இரவுக்கு முப்பதுக்குள் அடங்கும். காற்றை ஈரப்படுத்தும் வெந்நீர்த் தட்டையும் போட்டால் செலவு அதைப்போல் இரண்டு மடங்கு. எல்.இ.டி. விளக்குகள் நாலைந்தோடு சரி. இவற்றுக்கு நடுவே அந்த மின்சாரக் கெட்டில்! 1,500 வாட் கெட்டில் ஒன்று பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து சுமார் 140 ஆம்பியரை உறிஞ்சும். பத்து நிமிஷத்தில் இருபதுக்கு மேல் போய்விடும். மூன்று தடவை காபி குடித்தோம் என்று சொன்னோமல்லவா? மாமாவின் தூக்கத்தைத்தான் குடித்திருக்கிறோம். அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் காபியும் அப்படியொன்றும் பிரமாதமாக இல்லை.

"வழியெல்லாம் வண்டி ஓடிற்றே, சார்ஜ் ஏறியிருக்காதா?" என்று நேயர்கள் கேட்கலாம். நாங்களும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். தைப்பூசத்தின்போது பழனி மண்டபங்களைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். முதலில் வரும் யாத்ரிகர்கள் இஷ்டப்பட்ட இடத்தில் பாயை விரித்துவிடுவார்கள். முக்கால் மண்டபம் ஒரு நாழிகையில் நிறைந்துவிடும். பிறகு வருகிறவர்கள்தாம் தூணுக்குத் தூண் இடம் தேடி அலைவார்கள். பாட்டரியும் அப்படியே. முதல் எண்பது சதவிகிதம் மளமளவென்று ஏறும். கடைசி இருபதுக்கு மூன்று நாலு மணி நேரமாவது பொறுமை வேண்டும். கோடைக்கானலிலிருந்து மன்னவனூருக்கு ஒன்றரை மணி ஓட்டத்தில் அந்தக் கடைசி யாத்ரிகர்களுக்கு எங்கே இடம் கிடைக்கும்? இப்படி அரைகுறையாகவே விட்டுவிட்டால், தகடுகளில் படியும் வெள்ளை உப்பு நாளடைவில் கெட்டியாக இறுகி, பிறகு எந்தச் சார்ஜுக்கும் கரையாமல் போய்விடும். மேல்நாட்டில் காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீடுகளுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. காரிலிருந்து நீண்ட மெல்லிய கம்பி வழியாகப் போவதற்குள் அரை வோல்ட், ஒரு வோல்ட் வழியிலேயே தேய்ந்துவிடும். இதற்கெல்லாம் பரிகாரமாக, ரிலேக்குப் பதில் டி.சி.யிலிருந்து டி.சி.க்கு ஏற்றும் சார்ஜர் ஒன்றைப் பொருத்துகிறார்கள். கிடைக்கிற வோல்டேஜ் எப்படியிருந்தாலும் பாட்டரிக்கு வேண்டியபடி அது உயர்த்திக் கொடுக்கும். எங்கள் வண்டியில் இப்போது அதுதான் இருக்கிறது.

குளிரின் கதை தனி. வெப்பம் பூஜ்யத்தை நெருங்கும் மார்கழி இரவில், சமவெளியில் நூறு கொடுத்த பாட்டரி எண்பதுதான் கொடுக்கும். அதோடு அது சார்ஜை ஏற்றுக்கொள்ளவும் அதிக வோல்டேஜ் கேட்கும். 25 டிகிரியில் 14.4 வோல்ட் போதுமென்றால், 5 டிகிரியில் ஏறக்குறைய 14.9 வேண்டும். மதுரை வெயிலிலோ 14-க்குச் சற்றுக் குறைக்கவேண்டும். இல்லாவிட்டால் ஆசிட் கொதித்துத் தண்ணீர் வற்றும். மதுரைக்காகத் திருகி வைத்த சார்ஜரை அப்படியே மலைமேல் கொண்டுபோனால் பாட்டரி நாள்தோறும் அரைப் பட்டினி கிடக்கும். பாட்டரியின் மேல் ஒட்டிவைக்கும் சிறு வெப்ப உணர்வியோடு வரும் சார்ஜர்கள் இதைத் தாமே சரிப்படுத்திக்கொள்கின்றன. மலைக்குப் போகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கவேண்டும்.

கூரையில் 200 வாட் சோலார் பலகையும் வைத்திருக்கிறோம். கோடைக்கானல் சூரிய ஆராய்ச்சி நிலையத்தில் 1901-ம் வருஷம் முதல் சூரியனைக் கவனித்து வருகிறார்கள். அங்கே எவர்ஷெட் 1909-ல் செய்த கண்டுபிடிப்பு உலகப் பிரசித்தமானது. இவ்வளவு பெயர்பெற்ற சூரியன் எங்கள் பலகையை மட்டும் கைவிடுவானா என்று நினைத்தோம். காலையில் கைவிடவில்லை, பத்து ஆம்பியர் கொடுத்தான். மத்தியானம் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்ததும் ஒன்றுக்கு இறங்கிவிட்டான். ஆகையால் மலையில் சூரிய வரும்படியைக் காலை வரும்படி என்றே கணக்கிடவேண்டும். வண்டியையும் மரநிழலில் நிறுத்தாமல் கிழக்கு வெளிச்சம் விழும் இடமாகப் பார்த்து நிறுத்தவேண்டும்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. இன்வர்ட்டர் வைத்திருக்கும் வீடுகளில் எல்லோரும் அறிந்ததே. டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் நிறைந்த பிறகு ஊற்றவேண்டும். முன்னாலேயே வழிய ஊற்றினால் சார்ஜ் ஏறும்போது பொங்கி வெளியே வந்துவிடும். தகடே வெளியில் தெரிந்தால் மட்டும் அது மூழ்குமளவுக்கு முதலில் ஊற்றலாம். கோடை மலைச் சுனைத் தண்ணீர் நமக்குத் தேவாமிர்தம், பாட்டரிக்கு விஷம். அதில் கரைந்துள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால், கழித்தல் முனையை முதலில் கழற்றிவிட்டு, சமையல் சோடாக் கரைசலால் துடைத்து, உலர்ந்ததும் வாஸலைன் தடவலாம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் மறக்கக்கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்பும். காஸ் அடுப்பு எரியும் வண்டிக்குள் அது தங்குவது அபாயம். பாட்டரிகளை மூடிய பெட்டியில் வைத்து, அதிலிருந்து ஒரு குழாயை வண்டிக்கு வெளியே விடவேண்டும். பள்ளிக்கூடம் நடக்கும் மாதங்களில் வண்டி வாசலில் சும்மாதான் நிற்கிறது. அப்போதும் பாட்டரி தானாகக் கொஞ்சம் கொஞ்சம் இறங்கும். வெயில் காலத்தில் இன்னும் வேகமாக இறங்கும். மாதம் ஒரு முறை முழுச் சார்ஜ் ஏற்றுவதை வெள்ளிக்கிழமை விளக்கு மாதிரி வழக்கமாக்கிக்கொண்டோம்.

லித்தியம் பாட்டரி வாங்கியிருக்கலாமே என்று நண்பர்கள் சொல்லுகிறார்கள். எடையில் பாதிகூட இல்லை. ஏறக்குறைய முழுவதையும் செலவழிக்கலாம். சார்ஜும் சீக்கிரம் ஏறும். எல்லாம் வாஸ்தவம். பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தால் மட்டும் அதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. எங்களைத் தடுத்தது விலைதான். காரீயத்தோடு லித்தியத்தை ஜோடி சேர்ப்பதும் கூடாது; அது மாட்டையும் குதிரையையும் சேர்த்துப் பூட்டுவதாகும்.

அந்தக் கிழட்டுப் பாட்டரி என்ன ஆயிற்று என்று சொல்லவேண்டும். திரும்பும் வழியில் அதைக் கோடைக்கானலிலேயே ஏதாவது பழைய சாமான் கடையில் தள்ளிவிடலாம் என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். மாமா கோபித்துக்கொண்டார். அந்த ஊரில் பழைய சாமான் கிடங்கு என்றால் அவருக்குப் பழைய ஞாபகம் வரும். பாதரச வெப்பமானி செய்துவந்த தொழிற்சாலையின் கண்ணாடிக் கழிவு, பாதரசத்தோடு, மூஞ்சிக்கல் பழைய சாமான் கிடங்கில் 7.4 டன் கிடந்தது 2001-ல் வெளிப்பட்டது. அந்த வருஷமே தொழிற்சாலை மூடப்பட்டது. அங்கே வேலை செய்த 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு ஏற்பட 2016 வரையில் ஆயிற்று. எங்கள் பாட்டரியின் எடை சுமார் முப்பது கிலோ. அதில் பாதிக்குமேல் காரீயம், மிச்சத்தில் பெரும்பகுதி கந்தக அமிலம். யாரோ ஒரு பையன் அதைச் சம்மட்டியால் உடைத்து, ஆசிடைச் சாக்கடையில் கவிழ்த்து, ஈயத்தை உருக்குவான். மழை பெய்தால் அது கீழே ஓடையில் இறங்கும். "மேலே கொண்டுவந்தது நீங்கள், கீழே கொண்டுபோக வேண்டியதும் நீங்கள்தான்" என்றார் மாமா. 2022-ம் வருஷத்து பாட்டரிக் கழிவு விதிகளின்படி, தயாரிப்பாளர்களே பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற ஏற்பாடு செய்யவேண்டும். மதுரையில் புது ஜோடி வாங்கிய கடையில் பழையதைக் கொடுத்தோம். விலையில் கொஞ்சம் தள்ளியும் கொடுத்தார்கள்.

அடுத்த அரையாண்டு விடுமுறையில் மறுபடி மன்னவனூர் போனோம். மாமா முதலில் வரமாட்டேன் என்றார்; பிறகு தாமே பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தோட்டக்காரர் வீட்டுக்கு மதுரை மல்லிகையும் ஒரு டப்பா அல்வாவும் எடுத்துப் போனோம். அவர் படுக்கைக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இப்ப ஜோடி சரியா இருக்கு" என்றார். இருந்தாலும் தம் வீட்டுத் திண்ணை விளக்கை அன்று இரவு அணைக்காமல் விட்டிருந்தார்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மானி 12.4 காட்டிற்று. வெளியே புல்லெல்லாம் உறைபனி. மாமாவின் முகமூடி சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அவரை எழுப்பாமல், பாட்டரிப் பெட்டிக்கு எட்ட, வண்டிக்கு வெளியே காஸ் அடுப்பைப் பற்றவைத்துக் காபிக்குத் தண்ணீர் போட்டோம்.